வகுப்பறை முகாமைத்துவமும் விசேட கல்வியும்: மென்பொருள் தெரிவு பற்றிய சில குறிப்புகள்
(வத்தேகமச் சூழலை முன்வைத்து)

கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880 இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாதையிலே அமைந்த சிறுநகர் வத்தேகம. இந்நகரைக் கடந்து பன்வில, மடுல்கலை, எல்கடுவ ஆகிய இடங்களை நோக்கி ஏறும் பாதைகள் தேயிலைத் தோட்டங்களினூடே செல்வன. வத்தேகமக் கல்வி வலயத்திலே சிங்கள மொழிமூலப் பாடசாலைகளும் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளும் உள. நகர்ப்புறப் பாடசாலைக்கும் மலையுச்சித் தோட்டமொன்றின் பாடசாலைக்கும் இடையிலான தூரம் கிலோமீற்றர்க் கணக்கில் அதிகமன்று. வசதியின் கணக்கிலே அது பெரிது.

இத்தகைய சூழலிலுள்ள பாடசாலைகளை நோக்கி இன்று கணினி மென்பொருள்கள் வந்துகொண்டிருக்கின்றன. விற்பனை முகவர்கள் கொண்டு வருவன சில. பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாடுகளில் வாழும் நலன்விரும்பிகளும் அன்பளிப்பாக அளிப்பன சில. கல்வி அமைச்சு நெமிஸ் என வழங்கும் தேசியக் கல்வி முகாமைத்துவத் தகவல் முறைமையின் வழியாகத் தானே கொணர்வது வேறு. வரவிடாப்பு, நேரசூசி, புள்ளிப்பட்டியல், பெற்றோருக்கான அறிவித்தல் யாவும் ஒரே திரையில் என்பது இவற்றின் பொதுவான வாக்குறுதி. விசேட கல்வி அலகுள்ள பாடசாலையாயின், அவ்வலகின் வேலைகளும் அதே திரைக்குள் அடங்கிவிடும் என்று கூறப்படும். இவற்றுள் எதைத் தெரிவது, எவ்வாறு தெரிவது என்பதே இக்கட்டுரையின் பொருள். இத்தெரிவு ஒரு கொள்வனவுத் தீர்மானமாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஒரு பிள்ளையைப் பற்றி எதை எழுதுவது, எம்மொழியில் எழுதுவது, எழுதியதை யார் வாசிக்கலாம் என்னும் தீர்மானம் அதற்குள் மறைந்திருக்கிறது என்பதே எமது கருத்து. அத்தீர்மானத்தை எடுக்கவேண்டியவர் விசேட கல்வி ஆசிரியர். அவரைக் கேளாது கணினிகூடப் பொறுப்பாளரும் கணக்காளரும் மட்டும் இருந்து செய்யும் தெரிவு எத்துணை நேர்மையானதாயினும் பிழைபடுவதற்கே இடமுண்டு.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். வகுப்பறை முகாமைத்துவம் என்பதும் விசேட கல்வி நிகழ்ச்சித்திட்ட முகாமைத்துவம் என்பதும் ஒரே வகையான வேலைகள் அல்ல. முன்னையது நாற்பது பிள்ளைகளை ஒரே நிரலில் நிறுத்துவது. வந்தவர் யார், வராதவர் யார், எழுபது புள்ளி பெற்றவர் யார், முப்பது பெற்றவர் யார் என்று ஒப்புநோக்குவது அதன் இயல்பு. பின்னையதோ ஒரு பிள்ளையை அப்பிள்ளையின் நேற்றைய நிலையோடு ஒப்புநோக்குவது. மார்ச் மாதத்தில் இரண்டு சொற்களாலான வாக்கியத்தைப் பேசிய பிள்ளை யூலையில் நான்கு சொற்களாலான வாக்கியத்தைப் பேசுகின்றதா என்பதே அங்கு வினா. முதலாவது வேலைக்கு எண்களும் அட்டவணைகளும் போதும். இரண்டாவதற்கு உரைநடை வேண்டும். ஆசிரியரின் அவதானிப்பு வேண்டும். குறித்த காலத்தில் அதை மீளநோக்கும் ஒழுங்கு வேண்டும். முதலாவதைச் சிறப்பாகச் செய்யும் மென்பொருளொன்று இரண்டாவதையும் செய்யும் என எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை. 'குறிப்பு' என்று தலைப்பிட்ட ஒரு சிறு கட்டத்தை ஒதுக்கிவிட்டு, விசேட கல்விக்கும் ஏற்ற மென்பொருள் என விளம்பரஞ் செய்வது வணிக வழக்கு.

விசேட கல்விக்கெனவே தனியாக ஆக்கப்பட்ட மென்பொருள்களும் உள. அவற்றுட் பல ஐக்கிய அமெரிக்காவில் தோன்றியவை. அதற்கு வரலாற்றுக் காரணமுண்டு. 1975 ஆம் ஆண்டு அங்கு நிறைவேறிய சட்டம், இயலாமையுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்து வடிவிலான தனியாள் கல்வித் திட்டம் இருத்தல் வேண்டுமென விதித்தது. திட்டத்தை ஆக்கும் கூட்டத்தில் பெற்றோர் பங்குகொள்ளல் வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் அது மீளநோக்கப்படல் வேண்டும். இவை நடந்தமைக்குச் சான்று வேண்டும். சான்றில்லாத பாடசாலை மாவட்டம் வழக்கையும் நிதியிழப்பையும் எதிர்நோக்கும். எனவே அங்கு தோன்றிய மென்பொருள்களின் உள்ளமைப்பு சட்டக் கடப்பாட்டைச் சுற்றியே கட்டப்பட்டது. தவணை தப்பினால் எச்சரிக்கை, ஒப்பம் பெறாவிட்டால் எச்சரிக்கை, சேவை நிமிடங்களின் கூட்டுத்தொகை என்பனவே அவற்றில் மேலோங்கி நிற்கும். அச்சட்ட மரபு வகுத்த 13 இயலாமை வகைகளுள் ஒன்றைத் தெரிந்தாலன்றி அடுத்த பக்கத்துக்குச் செல்ல இயலாத வகையில் அமைந்த மென்பொருளை வத்தேகமயில் நிறுவுவோமாயின், வேறொரு நாட்டின் சட்டத்தையே நாம் அறியாது இறக்குமதி செய்தவராவோம்.

எமது நாட்டின் வரலாறு வேறு. 1912 இல் மேரி சப்மன் என்னும் மிஷனரி அம்மையார் தொடங்கி, பின்னர் இரத்மலானையில் நிலைகொண்ட செவிப்புலன், விழிப்புலன் குறைந்தோர் பாடசாலையிலிருந்து இங்கு விசேட கல்வியின் கதை ஆரம்பமாகிறது. 1960களின் இறுதியிலே சாதாரண பாடசாலைகளுக்குள் இப்பிள்ளைகளை ஒன்றிணைக்கும் முயற்சி தலையெடுத்தது. 1994 ஆம் ஆண்டின் சலமன்கா பிரகடனம் உட்படுத்தல் கல்வி என்னும் கருத்தை உலகெங்கும் பரப்பியது. இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாத்தற்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களிற் சேர்த்துக்கொள்வதில் அவர்களுக்குப் பாரபட்சம் காட்டப்படலாகாது என்றது. ஐக்கிய நாடுகளின் உரிமைச் சமவாயத்தை 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்தது. ஆயினும் அமெரிக்கச் சட்டம் விதித்ததுபோல, ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்து வடிவத் திட்டமொன்று வேண்டுமென 1996 ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கவில்லை. எனவே இங்கு ஆசிரியர் தனியாள் கல்வித் திட்டத்தை எழுதுவது பெரிதும் அவரது பயிற்சியையும் மனச்சான்றையும் பொறுத்ததாகும். மென்பொருள் அவருக்குப் பாரமாகுமாயின் முதலில் கைவிடப்படுவது அத்திட்டமே.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். பன்விலவுக்கு மேலேயுள்ள தோட்டமொன்றிலிருந்து வரும் மூன்றாந்தர மாணவி ஒருத்தி. தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை கொழும்பில் கடையொன்றில் வேலை செய்பவர். மாணவி வகுப்பின் பின்வரிசையில் இருக்கிறாள். கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுவதிற் பிழை விடுகிறாள். வாய்மொழியாகக் கேட்டால் விடை சொல்கிறாள். மாதத்தில் ஆறேழு நாள் வருவதில்லை. வகுப்பறை முகாமைத்துவ மென்பொருளொன்றில் இப்பிள்ளை எவ்வாறு தோன்றுவாள்? வரவு குறைவு, புள்ளி குறைவு என்பதால் அவளுடைய பெயர் சிவப்பு நிறத்தில் ஒளிரும். தவணை முடிவில் 'பின்தங்கியவர்' என்னும் பட்டியலில் அவள் தானாகவே இடம்பெறுவாள். இரண்டு மூன்று தவணைகள் இவ்வாறு சென்றால், 'கற்றல் இடர்ப்பாடு' என்னும் தெரிவை யாரேனும் அழுத்திவிடுவர். அதன்பின் அப்பெயர் அவளோடு தரம் தரமாகப் பயணஞ் செய்யும்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒருவேளை ஒரு கண்ணாடியாக இருக்கலாம். வராத நாட்கள், கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நாட்களாக இருக்கலாம். 'வந்தார்', 'வரவில்லை' என்னும் இரண்டு தெரிவுகளுக்குள் அவ்வேறுபாடு புலப்படாது. தாளிலான பழைய வரவிடாப்பிலும் அது புலப்படாதே எனச் சிலர் வினவக்கூடும். உண்மைதான். ஆயின் வரவிடாப்பு எவரையும் பின்தங்கியவர் எனத் தானாக வகைப்படுத்தியதில்லை. அதன் ஓரத்திலே பென்சிலால் ஏதேனும் குறித்துவைக்கும் வழக்கமும் நல்லாசிரியர்களிடம் இருந்தது. அந்த ஓரம் மென்பொருளில் எங்கே உள்ளது என்பதே தெரிவு செய்வோர் கேட்கவேண்டிய முதற் கேள்விகளுள் ஒன்று.

வகைப்படுத்தலைப் பற்றிய இவ்வையம் புதியதன்று. இலங்கையின் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருள் 8.7 வீதத்தினர் பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலிய செயற்பாடுகளில் ஏதேனும் ஒன்றிலாவது சிரமமுடையோர் எனக் கண்டது. 'நீர் ஊனமுற்றவரா?' என்று கேட்டிருந்தால் இத்தொகை வந்திராது. சர்வதேச அளவில் வாசிங்டன் குழு எனப்படும் புள்ளிவிபரவியலாளர் குழு இத்தகைய கேள்விகளை வகுத்தளித்துள்ளது. பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவிற்கொள்ளல், தன்னைப் பராமரித்தல், தொடர்பாடல் என்னும் ஆறு துறைகளில் சிரமம் இல்லை, சிறிது, அதிகம், முற்றாக இயலாது என நான்கு நிலைகளை அது வைத்தது. அதே குழுவும் யுனிசெப்பும் இணைந்து பிள்ளைகளுக்கெனத் தனியான கேள்விக்கொத்தொன்றை 2016 இல் வெளியிட்டன. கண்ணாடி அணிந்திருந்தும் பார்ப்பதிற் சிரமமா என்று கேட்கும் மென்பொருளுக்கும், 'இயலாமை வகை' என்னும் பட்டியலை முன்னால் நீட்டும் மென்பொருளுக்கும் இடையில் பெரும் வேறுபாடுண்டு. முதலாவதில் பிறக்கும் விடை ஆசிரியரை அடுத்த செயலுக்குத் தூண்டும். இரண்டாவதில் பிறப்பது பெயர்ச்சீட்டு. பட்டியலைத் திருத்தவும் கேள்விகளை மாற்றவும் பாடசாலைக்கோ வலயத்துக்கோ இடமளியாத மென்பொருளை விசேட கல்விக்கு ஏற்றதெனக் கொள்ளவியலாது.

இனிப் பெயருக்கும் எழுத்துக்கும் வருவோம். தமிழ் மொழிமூலப் பாடசாலையைப் பொறுத்தவரை மென்பொருளின் முதற் சோதனை இதுவே. ஒப்புக்காகக் கூறப்படும் 'தமிழிலும் உண்டு' என்னும் சொல்லை நாம் எளிதில் நம்பிவிடலாகாது.

வெளிநாட்டு மென்பொருள்கள் பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டாகக் கேட்கும். எம்மவருக்குக் குடும்பப்பெயர் இல்லை; தந்தையின் பெயரோ அதன் முதலெழுத்தோ முன்னால் வரும். குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால் பதிவு ஏற்கப்படாது. எனவே ஓர் ஆசிரியர் தந்தையின் பெயரை அங்கு இடுவார். இன்னொருவர் பிள்ளையின் பெயரை அங்கு இட்டுத் தந்தையின் பெயரை முன்னால் இடுவார். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டினர் என்பதைக்கூட மென்பொருள் அதன்பின் அறியாது. இதனோடு மொழிச் சிக்கலும் சேர்கிறது. கண்டிப் பிரதேசத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலரின் பிறப்புச் சான்றிதழ்கள் சிங்களத்தில் எழுதப்பட்டவை. பாடசாலைச் சேர்வு இடாப்பு தமிழில் இருக்கும். பரீட்சைக்குரிய பட்டியலுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் வேண்டும். செல்வநாயகி என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதுமிடத்து முதலெழுத்தே எஸ் ஆகவும் அமையலாம், சீ ஆகவும் அமையலாம். ஒரே பிள்ளை மூன்று ஏடுகளில் மூவராகிவிடுவது இவ்வாறுதான்.

மலையகத் தமிழரிடையே இது வெறும் எழுத்துப்பிழை விவகாரமாக முடிவதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலே நாடற்றவராக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டின் உடன்படிக்கையாலே இரு நாடுகளுக்கிடையிற் பங்கிடப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே எஞ்சியோருக்கும் பிரசாவுரிமை கிடைக்கப்பெற்ற மக்கட் கூட்டம் இது. ஒரு கடதாசியில் ஓர் எழுத்து மாறியிருப்பதன் விலை என்னவென்பதை இம்மக்களின் பாட்டனார் தலைமுறை அறியும். மென்பொருளொன்றில் முதன்முதலாகப் பதியப்படும் பெயரே பின்னர் விடுகைப் பத்திரத்திலும் பரீட்சைச் சான்றிதழிலும் இடம்பெறுமாயின், மூன்று மொழி வடிவங்களையும் அருகருகே வைத்துக்கொள்ளும் வசதி அதில் இன்றியமையாதது. எவ்வடிவம் எந்த ஆவணத்திலிருந்து பெறப்பட்டது என்னும் குறிப்பும் அதிலே இருத்தல் வேண்டும்.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கைத் தமிழ் அலுவலகங்களில் நெடுங்காலம் வழங்கியது பாமினி எழுத்துரு. இன்றும் பல பாடசாலைகளின் கோப்புகள் அதிலேயே உள. பாமினியில் 'தமிழ்' என்று தட்டச்சுச் செய்தால் திரையில் தமிழ் தோன்றும். கணினியின் நினைவிலோ ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே இருக்கும். எழுத்துருவை நீக்கியதும் அது பொருளற்ற எழுத்துக் குவியலாகிவிடும். ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991 இலேயே தமிழுக்குத் தனியிடம் வழங்கிவிட்டது. அவ்விடத்தைப் பயன்படுத்தும் மென்பொருளிலேயே தமிழ்ப் பெயரைத் தேடவும் அகரவரிசைப்படுத்தவும் இயலும். விசேட கல்வியிலே இதற்கு மேலுமொரு முக்கியத்துவம் உண்டு. பார்வையற்ற ஆசிரியரோ மாணவரோ கணினியைத் திரை வாசிப்பான் வழியாகவே பயன்படுத்துவர். அவுஸ்திரேலியாவில் மைக்கல் கறன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006 இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் இலவச வாசிப்பான் தமிழையும் ஒலிக்கும். ஒருங்குறியில் எழுதப்பட்ட தமிழையே அது தமிழாக வாசிக்கும். பாமினியில் எழுதியதை ஆங்கில எழுத்துக்களாகவே உச்சரிக்கும். சொற்களுக்குப் பதிலாகப் படங்களை மட்டும் பொத்தான்களாக வைத்த மென்பொருளில் அது பெரும்பாலும் வாய்மூடி நிற்கும். விசேட கல்விக்கான மென்பொருளை இயலாமையுடைய ஒருவரே பயன்படுத்த முடியாதிருப்பதை வேடிக்கை என்பதா, வேதனை என்பதா என்று எமக்குத் தெரியவில்லை.

மின்சாரத்தையும் இணைப்பையும் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அலைவரிசை கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் ஏறியதை நாடே கண்டது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது. இணைப்பின்றியும் பதிவை ஏற்று, இணைப்புக் கிடைத்ததும் அதனை அனுப்பும் ஆற்றலில்லாத மென்பொருள் மலைநாட்டுக்கு உதவாது. அவ்வளவே.

ஆசிரியரின் நேரம் அதைவிடப் பெரிய வினா. தமிழ்நாட்டில் ஏமிஸ் எனப்படும் கல்வித் தகவல் முறைமைக்கான பதிவு வேலை கற்பித்தல் நேரத்தை விழுங்குகிறது என ஆசிரியர் சங்கங்கள் நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளன. எமது நாட்டிலும் தொகைமதிப்பு ஒருபுறம், நெமிஸ் ஒருபுறம், வலயம் கேட்கும் படிவம் ஒருபுறமென ஒரே தகவல் பலமுறை எழுதப்படுகிறது. இவற்றின்மேல் பாடசாலை தானாக வாங்கிய தனி மென்பொருளும் வந்து அமருமாயின், அது வேலையைக் குறைக்கும் கருவியாகாது, கூட்டும் கருவியாகும். அமைச்சின் முறைமைக்கு வேண்டிய வடிவில் தரவை வெளியே எடுத்துக் கொடுக்க இயலுமா என்பதைக் கேளாது எதையும் வாங்குதல் தகாது.

இரகசியம் பேணல் பற்றிய வினா இனி எழுகிறது. 2022 சனவரியில் நியூயோர்க் நகரப் பாடசாலைகள் பயன்படுத்திய இலுமினேற் என்னும் நிறுவனத்தின் மென்பொருளுக்குள் ஊடுருவல் நிகழ்ந்தது. அந்நகரின் பழைய, புதிய மாணவர் ஏறத்தாழ 8,20,000 பேரின் விபரங்கள் அதனால் வெளிப்பட்டன. விசேட கல்விச் சேவை பெறுபவர் யார் என்பதும் அவ்விபரங்களுள் இருந்தது. இதற்குமுன், மாணவர் தரவுகளை ஒருங்கே சேமிக்கவென ஏறத்தாழ 100 மில்லியன் டொலர் செலவில் அமெரிக்காவில் 2013 இல் தொடங்கிய இன்புளூம் என்னும் அமைப்பு, பெற்றோரின் எதிர்ப்பினால் 2014 இலேயே மூடப்பட்டது. பெருநகரங்களின் கதை எமக்கெதற்கு எனக் கேட்பார் உளர். தோட்டமொன்றிலோ நிலைமை இன்னும் கூர்மையானது. நியூயோர்க்கில் ஒரு பிள்ளையின் பெயர் எட்டு இலட்சத்துள் ஒன்று. லயத்தில் அது பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஒரு பிள்ளைக்கு 'மனவளர்ச்சிக் குறைவு' என எழுதப்பட்டிருப்பது தெரியவந்தால், அக்காளின் திருமணப் பேச்சு வரையில் அதன் நிழல் விழும். குடும்பத்துக்கு ஒரு திறன்பேசி என்னும் நிலையில், பெற்றோருக்கு அனுப்பும் செய்தியை வாசிப்பவர் பெற்றோரே என்பதற்கும் உறுதியில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலே புள்ளிப்பட்டியலை எல்லோருக்குமாக அனுப்பும் வழக்கம் இன்று இயல்பாகிவிட்டது. மென்பொருளைக் குறைகூறுமுன் இவ்வழக்கத்தையே நாம் கைவிடுதல் நன்று.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சுகநலம் பற்றிய தரவையும் பிள்ளையொன்று தொடர்பான தரவையும் விசேட வகைத் தரவுகளுள் அடக்குகிறது. அதன் பகுதிகள் யாவும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லையாயினும், அது காட்டும் திசை தெளிவு. வகுப்பாசிரியர், விசேட கல்வி ஆசிரியர், அதிபர், எழுதுவினைஞர் ஆகியோருள் யார் எப்பக்கத்தைத் திறக்கலாம் என்பதை வேறுவேறாக வகுக்கும் வசதி மென்பொருளில் இருத்தல் வேண்டும். யார் எப்போது திறந்தார் என்பதும் அதில் பதியப்படல் வேண்டும். பலர் ஒரே கடவுச்சொல்லைப் பகிரும் அலுவலகத்தில் இவ்வசதிகள் பயனற்றுப் போகும் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

உடைமை யாருடையது என்பது இறுதியாக நோக்கற்பாலது. ஆண்டுச் சந்தாவை டொலரிற் செலுத்தும் மென்பொருள்கள் பல. 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. சந்தா நின்றால் பிள்ளைகளின் பதிவுகளும் பூட்டப்படும். இலவசமாகக் கிடைக்கும் வணிக மென்பொருள்களின் நிபந்தனைகளோ அவற்றை அளிக்கும் கம்பனிகளின் விருப்பப்படி மாறக்கூடியவை. இதற்கு மாற்று வழி கட்டற்ற மென்பொருள். கேரளத்தின் பாடசாலைகள் 'சம்பூர்ணா' என்னும் முறைமையைக் காசர்கோட்டில் உருவான பெடேனா என்னும் திறந்தமூல மென்பொருளின் அடியிலிருந்து அமைத்துக்கொண்டன. பாடங்களை ஒழுங்குசெய்யும் மூடில் 2002 முதல் உலகெங்கும் இலவசமாகப் பயன்பட்டு வருகிறது. ஆயின் அது பாடநெறிக்கானது. விசேட கல்விப் பதிவேடாக அதனைக் கொள்ளலாகாது. எமது நாட்டுக்கும் இத்துறையில் முன்னனுபவம் உண்டு. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின் இங்குள்ள தன்னார்வலர் ஆக்கிய சகனா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் பிறநாடுகளுக்கும் உதவியது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் தோன்றிய டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் சுகாதாரத் தகவல் முறைமையை 2020 சனவரியிலேயே கொவிட் கண்காணிப்புக்கேற்ப மாற்றியமைத்தவர் இலங்கையர். ஒரு வலயத்தின் விசேட கல்வி அலகுகளுக்கான பதிவேட்டை ஆக்குவது இவற்றைவிடக் கடினமான வேலையன்று. பேராதனையின் கணினி மாணவரும் கல்வியியல் மாணவரும் தமிழ் மாணவரும் கூடிச் செய்யக்கூடிய பணி அது. வத்தேகம எமக்குத் தொலைவிலும் இல்லை.

அதுவரையில் ஒரு பாடசாலை செய்யத்தக்கது யாது? பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கொண்ட ஒரு விசேட கல்வி அலகுக்கு மென்பொருள் வாங்கவேண்டிய தேவையே இல்லை என்று நாம் கருதுகிறோம். பூட்டுள்ள அலுமாரியில் பிள்ளைக்கொரு கோப்பும், லிப்ரே ஒபிஸ் போன்ற இலவசத் தொகுதியில் ஒருங்குறியில் எழுதிய ஒரு விரிதாளும் போதும். எதை எழுதவேண்டும் என்பது அவ்வாறு ஓராண்டு எழுதிப் பார்த்தபின்னரே தெளிவாகும். ஆசிரியர்கள் எந்தப் பத்தியை ஒருபோதும் நிரப்பவில்லை, எதற்கு இடம் போதாது திண்டாடினர் என்பதை அவ்விரிதாள் காட்டும். மென்பொருளுக்கான கோரிக்கைப் பட்டியல் அங்கிருந்தே பிறத்தல் வேண்டும். பெரிய பாடசாலையின் பொது வகுப்புகளுக்கு மென்பொருள் பயன்படும். அதிலும் நேரசூசி, வரவு ஆகிய இரண்டோடு தொடங்குவதே நன்று.

தெரிவுக்கு வந்துள்ள மென்பொருளை முகவரின் விளக்கவுரையைக் கொண்டு மதிப்பிடுதல் பயனில்லை. ஒரு தவணைக் காலம் விசேட கல்வி ஆசிரியரின் கையில் அதனைக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். உண்மையான பிள்ளைகளின் விபரங்களை அதில் இடாது, கற்பனைப் பெயர்களைக் கொண்டே சோதித்தல் வேண்டும். தந்தையின் முதலெழுத்தோடு கூடிய பெயரொன்றை மும்மொழியிலும் பதிந்து, பின்னர் அதனைத் தேடிப் பார்க்கலாம். இலக்கு ஒன்றைத் தமிழில் முழு வாக்கியமாக எழுதி, நான்கு வாரங்களின் பின் அதே இலக்கை மீளநோக்கிப் பார்க்கலாம். இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு நாள் வேலை செய்யலாம். பார்வையற்ற ஒருவரை அழைத்துத் திரை வாசிப்பானுடன் இயக்கச் சொல்லலாம். தவணை முடிவில் எல்லாப் பதிவுகளையும் வெளியே எடுத்து, அம்மென்பொருள் இல்லாத வேறொரு கணினியில் திறந்து வாசிக்க முயலவேண்டும். தமிழ் எழுத்துக்கள் கேள்விக்குறிகளாகத் தோன்றினால் முகவருக்கு நன்றி கூறி அனுப்பிவிடலாம்.

ஒரு சோதனை எஞ்சுகிறது. அதற்குப் பாடசாலைக்கு வெளியே ஒருவர் வேண்டும். எழுதிய திட்டத்தை அச்சிட்டோ வாசித்தோ தாயொருவருக்குக் காட்டுதல் வேண்டும். கொழுந்து நிறுத்தபின் மாலையில்தான் அவர் வரக்கூடும். தம் பிள்ளையைப் பற்றி எழுதப்பட்டிருப்பது அவருக்கு விளங்குகிறதா, அதில் ஏதேனும் பிழையென அவர் சொன்னால் அதைத் திருத்துவதற்கு அத்திரையில் இடமிருக்கிறதா என்பதை அன்று பார்த்துக்கொள்ளலாம்.